யாழ்ப்பாணத்தில் சமூகவியல், முதுமையியல், பால்நிலைக் கற்கை: சேர்வதிலிருந்து ஆய்வேடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் எந்த ஊர் ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் இப்படி ஒரு வீட்டைப் பார்க்கலாம். வெளிநாட்டுக் காசில் எழுந்த பெரிய வீடு. பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும். ஒரு அறையில் எழுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் இருப்பார். வீடு மகளின் பெயரில், மகள் ரொறன்ரோவில். அம்மாவுக்குச் சமைத்துக் கொடுத்து கிளினிக்குக்குக் கூட்டிப் போவது அயலில் உள்ள ஒரு பெண். மாதம் ஏதோ ஒரு தொகை அவர் கைக்கு வரும், ஆனால் அதைச் சம்பளம் என்று இரு தரப்பும் சொல்வதில்லை.

பிள்ளைகள் ஏன் போனார்கள், குடும்பம் எப்படி மாறியது என்று கேட்டால் அது சமூகவியல். அந்த அம்மாவின் முதுமை எப்படிக் கழிகிறது, அவரைத் தாங்குவது யார் என்று கேட்டால் முதுமையியல். வீடு ஏன் மகளுக்குப் போனது, பராமரிப்பு ஏன் இன்னொரு பெண்ணின் தலையில் விழுந்தது, அது ஏன் வேலையாக எண்ணப்படுவதில்லை என்று கேட்டால் பால்நிலைக் கற்கை. ஒன்றை மட்டும் படிப்பவருக்கு அந்த வீட்டின் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் மூன்றையும் சேர்த்துப் படிக்க நினைப்பவரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படி 1: உள்ளே போவது

இதை அதிகம் நீட்டத் தேவையில்லை. உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் குறைந்தது எஸ் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி, அதற்கு மேல் இசட் புள்ளி. இவற்றை வைத்துத்தான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அனுமதி கொடுக்கிறது. ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் கைநூலை முழுதாக வாசியுங்கள். பல்கலைக்கழகத் தெரிவுகளை எந்த வரிசையில் போடுகிறீர்கள் என்பது மிக முக்கியம். நண்பர் போட்ட வரிசையைப் பார்த்து எழுத வேண்டாம்.

சமூகவியல் நமது உயர்தரத்தில் ஒரு பாடமாகவே இல்லை. ஆகவே எந்தப் பாடசாலையிலிருந்து வந்தாலும் எல்லோரும் இந்தப் பாடத்தை முதலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். "எனக்கு அடிப்படை தெரியாதே" என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

திருநெல்வேலியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் சமூகவியல் துறை இருக்கிறது. தமிழ் வழியில் படிக்க விரும்புவோர் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் பார்க்கலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் யாழ்ப்பாணத்திலேயே உண்டு.

உள்ளே போன புதிதில் ஒன்றைத் தெரிந்து வைத்திருங்கள்: பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அதைச் சகித்துக்கொள்வது படிப்பின் ஒரு பகுதி என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

படி 2: பாடங்களைத் தெரிவு செய்வது

கலைப்பீடத்தில் காலடி வைத்தவுடனே யாரும் சமூகவியல் சிறப்புப் பட்டத்துக்குப் போய்விட முடியாது. முதலில் வேறு பாடங்களோடு சேர்த்துப் படித்து, அந்தப் பெறுபேற்றைக் கொண்டுதான் சிறப்புக் கற்கைக்கு எடுப்பார்கள். பொதுப் பட்டம் 3 ஆண்டு, சிறப்புப் பட்டம் 4 ஆண்டு. ஆய்வேடு எழுத ஆசை இருந்தால் சிறப்புப் பட்டத்தைக் குறிவையுங்கள். அதற்கு முதலாண்டிலேயே புள்ளியில் கவனம் வேண்டும். "முதல் வருசம்தானே" என்று விட்டவர்கள் பிறகு கதவடியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

சமூகவியலோடு எந்தப் பாடங்களைச் சேர்ப்பது? என் கருத்தில் புவியியலும் பொருளியலும் நல்ல துணை. குடித்தொகை பற்றி இந்த இரண்டு பாடங்களிலும் படிப்பது முதுமையியலுக்கு நேரடியாக உதவும். அரசறிவியலை எடுத்தால் சட்டம், கொள்கை பற்றிய பகுதிகள் பால்நிலைக் கற்கைக்குக் கைகொடுக்கும்.

திறமைப்புள்ளிக் கணக்கையும் புரிந்துகொள்ளுங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகப்படி 1 திறமைப்புள்ளி என்பது 50 மணிநேர உழைப்பு. விரிவுரை மண்டபத்தில் அதில் 15 மணிநேரம்தான் கழியும். 3 புள்ளிப் பாடம் ஒன்றுக்கு 45 மணிநேரம் விரிவுரை, மீதி 105 மணிநேரம் நீங்களாகப் படிக்க வேண்டியது. அந்த 105 மணிநேரத்தில் என்ன செய்வது என்பதைத்தான் அடுத்த படிகள் சொல்கின்றன.

படி 3: கோட்பாட்டை ஊருக்குள் கொண்டுவந்து பார்ப்பது

மார்க்ஸ், துர்க்கைம், வெபர் என்று முதலாண்டில் பெயர்கள் வரிசையாக வரும். மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிடலாம். பலர் அப்படித்தான் கரையேறுகிறார்கள். அப்படிப் படித்த கோட்பாடு பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும். ஒவ்வொரு கோட்பாட்டையும் படித்த அன்றே ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதிப் பாருங்கள். இது யாருடைய வாழ்க்கையைப் பார்த்துச் சொல்லப்பட்டது? என் ஊரில் எங்கே பொருந்துகிறது? எங்கே பொருந்தாமல் இடறுகிறது? மூன்றாவது கேள்வியிலிருந்துதான் நல்ல ஆய்வு பிறக்கும்.

ஓர் உதாரணத்தை விரிவாகப் பார்ப்போம். துருக்கியைச் சேர்ந்த சமூகவியலாளர் டெனிஸ் கண்டியொட்டி 1988இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆணாதிக்கக் குடும்பத்துக்குள் பெண்கள் ஒரு வகைப் பேரம் பேசி வாழ்கிறார்கள் என்பது அதன் சாரம். இளம் மருமகளாக மாமியார் வீட்டுக்குப் போய் அடங்கி நடக்கும் பெண், நாளை தான் மாமியாராகும்போது அந்த அதிகாரம் தன் கைக்கு வரும் என்ற நம்பிக்கையில் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறாள். பால்நிலையும் முதுமையும் சந்திக்கும் அருமையான கருத்து இது.

சரி, இதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு வாருங்கள். இங்கே சீதனமாக வீடு பெண்ணுக்குப் போகிறது. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பது பல ஊர்களில் வழக்கம். அப்படியானால் மருமகள் அடங்கி நடக்க வேண்டிய மாமியார் அந்த வீட்டில் இல்லை. இருப்பது சொந்தத் தாய். பேரம் யாரோடு நடக்கிறது? தாய் தன் சீதன வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுக்கும்போது, கடைசிக் காலத்தில் மகள் பார்ப்பாள் என்ற எதிர்பார்ப்பும் கூடவே போகிறதா? அந்த மகள் கனடா போய்விட்டால் பேரத்தில் யார் தோற்றார்கள்? இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் தனி ஆய்வேட்டுக்குப் போதும்.

முதுமையியல் கோட்பாடுகளையும் இப்படியே உரசிப் பார்க்கலாம். வயதானவர்கள் படிப்படியாகச் சமூகத்திலிருந்து விலகிக்கொள்வது இயல்பு என்று 1961இல் கம்மிங்கும் ஹென்றியும் சொன்னார்கள். விலகாமல் இயங்கிக்கொண்டிருப்பவர்களே நிறைவாக முதுமையடைகிறார்கள் என்று ஹவிகேர்ஸ்ட் வாதிட்டார். ஊர்க் கோயில் பரிபாலன சபையில் யார் இருக்கிறார்கள், சனசமூக நிலையத்தில் காலையில் பேப்பர் வாசிப்பது யார் என்று பாருங்கள். முதிய ஆண்கள் விலகவில்லை என்பது தெரியும். பிறகு அதே வயதுப் பெண்கள் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் அடுப்படியில், அல்லது பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு. அவர்களுக்கு விலக ஓய்வே கிடைக்கவில்லை. வயதைப் பற்றிய கோட்பாட்டைப் பால்நிலை இல்லாமல் வாசித்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

படி 4: யாழ்ப்பாணம் பற்றிக் கட்டாயம் அறிய வேண்டியவை

முதலாவது தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்தில் வந்த இந்த வழக்காற்றுச் சட்டத்தில் சொத்து மூன்று வகை: முதுசம் (பரம்பரையாக வந்த சொத்து), சீதனம் (கலியாணத்தில் பெண்ணுக்குக் கொடுப்பது), தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து). சீதனம் தாய்வழியில் பெண்பிள்ளைகளுக்கு இறங்கும். பெண்ணுக்குச் சொத்து உண்டு என்று இதைக் கேட்டு மகிழ்பவர்கள் அடுத்த பக்கத்தையும் வாசிக்க வேண்டும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியையோ வீட்டையோ கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமல்போனவராகவோ பிரிந்துபோனவராகவோ இருக்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய முட்டுக்கட்டை என்று யோசியுங்கள்.

இரண்டாவது, குடித்தொகைக் கணக்கில் உள்ள இடைவெளி. இலங்கையில் 1981க்குப் பிறகு 1991இல் கணக்கெடுப்பு நடக்கவேயில்லை. 2001இல் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம் அதில் இல்லை. ஆக 1981க்கும் 2012க்கும் நடுவில் 31 ஆண்டு நமக்கு முழுமையான எண் இல்லை. இன்றைய யாழ் மாவட்ட எல்லைக்குள் 1981இல் ஏறத்தாழ 7 லட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012இல் ஏறத்தாழ 5 லட்சத்து 83 ஆயிரம். நாடு முழுவதும் 60 வயதுக்கு மேற்பட்டோர் 1981இல் 6.6 வீதமாக இருந்து 2012இல் 12.4 வீதமானார்கள். பிறப்பு குறைந்ததும் ஆயுள் நீண்டதும் அதற்குக் காரணம். யாழ்ப்பாணத்தில் அதோடு இளையவர்கள் புலம்பெயர்ந்ததும் சேர்ந்துகொள்கிறது. தேசியச் சராசரியை எடுத்து இங்கே அப்படியே ஒட்டிவிடாதீர்கள்.

மூன்றாவது சாதி. நேரடியாக வாயில் வராது, ஆனால் கிணறு, கோயில், கலியாணம் மூன்றிலும் இருக்கும். சாதியால் ஒதுக்கி வைப்பதைக் குற்றமாக்கிய 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தையும் 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தையும் அறியாமல் யாழ்ப்பாணச் சமூகவியலைத் தொடங்கக் கூடாது.

நான்காவது வாக்குரிமை. இலங்கைப் பெண்கள் 1931இல் வாக்குரிமை பெற்றார்கள் என்று எல்லா நூலிலும் இருக்கும். அந்த ஆண்டுத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொன்னதால் வடக்கின் 4 ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. 1934இல்தான் அவற்றுக்குத் தேர்தல் நடந்தது. இங்குள்ள பெண்கள் அந்த உரிமையைப் பயன்படுத்திப் பார்க்க மூன்று ஆண்டு காத்திருந்தார்கள்.

இவற்றையெல்லாம் எங்கே தேடுவது? 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்துச் சஞ்சிகைகளும் பிரசுரங்களும் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. செல்வி திருச்சந்திரன், சித்திரலேகா மௌனகுரு ஆகியோரின் தமிழ்க் கட்டுரைகள் பால்நிலைக் கற்கைக்கு நல்ல தொடக்கம். பெண்ணிய ஆய்வாளர் குமாரி ஜயவர்தனவை ஆங்கிலத்தில் வாசியுங்கள். தமிழில் பரீட்சை எழுதுபவரும் ஆங்கிலத்தில் வாசிக்கப் பழகத்தான் வேண்டும். நாளுக்கு இரண்டு பக்கம், அகராதியோடு, முதலாண்டிலிருந்தே.

படி 5: முதுமையியலை நீங்களே கட்டியெழுப்புவது

முதுமையியலை இங்கே தனிப் பட்டமாக எதிர்பார்க்க வேண்டாம். சமூகவியல், சமூகப்பணி, மருத்துவம், குடித்தொகையியல் ஆகியவற்றுக்குள் சிதறிக் கிடப்பதை நீங்கள்தான் கோர்க்க வேண்டும். மூன்று இடத்தில் தொடங்கலாம்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்து வாசியுங்கள். சிறிய சட்டம்தான். தன்னைப் பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோர ஒரு சபையை அது அமைக்கிறது. பிறகு உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரோடு பேசுங்கள். சட்டத்தில் இருப்பதற்கும் அவர் மேசைக்கு வருவதற்கும் உள்ள தூரம் புரியும்.

அடுத்து, கைதடி அரச முதியோர் இல்லம். முறையான அனுமதி எடுத்துப் போங்கள், வேடிக்கை பார்க்கப் போக வேண்டாம். பிறந்தநாளுக்குச் சாப்பாடு கொடுத்துப் படம் எடுத்துப் போகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் ஒழுங்காக வந்து, உட்கார்ந்து, பேசக் கேட்பவராக இருங்கள்.

மூன்றாவது, உடல் பற்றிய அடிப்படை அறிவு. ஒரு முதியவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை மதிப்பிட காட்ஸ் என்ற மருத்துவர் உருவாக்கிய ஆறு அம்ச அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது: குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லல், படுக்கையிலிருந்து எழுந்து மாறல், மலசலத்தைக் கட்டுப்படுத்தல், உண்ணல். இதைப் படித்தவர், கிணற்றடியில் குளிக்கும் வீட்டில் 'குளித்தல்' என்பது தண்ணீர் அள்ளுவதையும் சேர்த்ததா என்று கேட்பார். அங்கேதான் சமூகவியல் மாணவரின் பங்கு தொடங்குகிறது.

படி 6: களத்துக்குப் போவது

யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. இளநிலை ஆய்வுக்கு ஒரு கிராம அலுவலர் பிரிவு போதும். பீடத்தின் ஒழுக்கநெறி அனுமதி, மேற்பார்வையாளரின் கடிதம், பிரதேச செயலாளரின் அனுமதி ஆகியவற்றோடு ஜி.எஸ்.ஐப் (கிராம அலுவலரை) பாருங்கள், வயதானவர்கள் இன்னும் அவரை விதானையார் என்றுதான் சொல்வார்கள். அவரிடம் உள்ள குடும்ப விபரம் வாக்காளர் இடாப்பை விட உங்களுக்கு உதவும்.

வீட்டுக்குள் போனதும் நீங்கள் கேள்வி கேட்பதற்கு முன் உங்களிடம் கேள்வி வரும். "எந்த இடம் பிள்ளை? யாற்ற மகள்?" இது சும்மா நலம் விசாரிப்பு இல்லை. உங்கள் ஊரையும் குடும்பத்தையும் வைத்து உங்களை எங்கே இருத்துவது, எவ்வளவு சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று அவர் முடிவெடுக்கிறார். உண்மையைச் சொல்லுங்கள். வீட்டைவிட்டு வந்ததும் அந்தக் கேள்வியையும் உங்கள் பதிலையும் பதிலைக் கேட்ட பிறகு பேச்சு எப்படி மாறியது என்பதையும் களக்குறிப்பில் எழுதுங்கள். எங்கே இருத்தினார்கள், எதில் தேத்தண்ணி தந்தார்கள் என்பதும் தரவுதான்.

கேள்வி எப்படிக் கேட்பது என்பதில்தான் பாதி ஆய்வு இருக்கிறது. "பிள்ளைகள் உங்களை நன்றாகக் கவனிக்கிறார்களா?" என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லாத் தாய்மாரும் "ஓம் பிள்ளை, என்ர பிள்ளையள் நல்லாப் பாக்குதுகள்" என்றுதான் சொல்வார்கள். வேறு பதில் சொன்னால் குடும்ப மானம் போய்விடும். அந்தப் பதிலை எண்ணி வீதம் போட்டு அட்டவணையாக்கினால் உங்கள் ஆய்வு ஒன்றும் சொல்லாது. இப்படிக் கேளுங்கள்: "நேற்றுக் காலமை எழும்பினதிலிருந்து என்ன செய்தீங்கள் எண்டு சொல்லுங்கோ அம்மா." தேத்தண்ணி யார் போட்டது, பிறெசர் குளிசை யார் வாங்கி வந்தது, கடைசியாகக் கிளினிக் போன நாளில் கூட வந்தது யார், ஓட்டோக் காசு யார் கொடுத்தது என்று ஒவ்வொன்றாக வரும். கிளினிக் கொப்பியை எடுத்து அவரே காட்டினால் தவறிய திகதிகளும் அதில் இருக்கும். நன்றாகப் பார்க்கிறார்கள் என்று சொன்ன அதே அம்மாவின் ஒரு நாளில் பிள்ளைகள் எத்தனை இடத்தில் வருகிறார்கள், அயலார் எத்தனை இடத்தில் வருகிறார்கள் என்று நீங்களே காணலாம்.

ஆண்டைக் கேட்டுப் பதில் வராவிட்டால் நிகழ்வை வைத்துக் கேளுங்கள். "எந்த வருசம்?" என்றால் திகைப்பவர், "இந்தியன் ஆமி வர முந்தியோ பிந்தியோ? பெரிய இடப்பெயர்வுக்கு முந்தியோ?" என்றால் உடனே சொல்வார். முதலாவது 1987, இரண்டாவது 1995. ஒரு பெரிய தாளில் இந்த ஆண்டுகளை ஒரு கோட்டில் குறித்து, அதன் கீழே கலியாணம், பிள்ளைப்பேறு, வீடு இழந்தது, பிள்ளை வெளிநாடு போனது என்று அவரோடு சேர்ந்து நிரப்புங்கள். முதுமையில் ஒருவருக்கு இருக்கும் வறுமையோ தனிமையோ எந்த வயதில் தொடங்கியது என்பது அந்தத் தாளில் தெரியும்.

நேரமும் முக்கியம். பெண்களைச் சந்திக்க மதியச் சாப்பாட்டு வேலை முடிந்து விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் போங்கள். மருமகளோ மகனோ அருகில் இருந்தால் பதில் மாறும். அவர்களை விலகச் சொல்லாமல், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லி எழும்புங்கள். நெடுந்தீவு போன்ற இடத்தை எடுத்தால் குறிகட்டுவானிலிருந்து படகு நேரத்தைப் பார்த்துத்தான் உங்கள் நேர்காணலே அமையும். அங்கே தங்க ஒழுங்கு செய்துகொண்டு போவது நல்லது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். போர் முடிந்த பின் இங்குள்ள மக்களிடம், குறிப்பாகக் குடும்பத்தைத் தலைமை தாங்கும் பெண்களிடம், எத்தனையோ பேர் படிவத்தோடு வந்து போய்விட்டார்கள். தன் இழப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்தவர்கள் அவர்கள். உங்கள் தலைப்புக்குத் தேவையில்லாவிட்டால் இறந்தவர், காணாமல்போனவர் பற்றிக் கேட்காதீர்கள். தேவை என்றால், எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்று முதலிலேயே சொல்லி, உளவளத்துணை எங்கே கிடைக்கும் என்ற தகவலைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஒரு சிறிய ஊரில் 'மூன்று மகள்மார் பிரான்சில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை' என்று எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

படி 7: ஆய்வேட்டை எழுதுவது

தலைப்பைச் சுருக்குங்கள். 'யாழ்ப்பாணத்தில் முதியோர் பிரச்சினைகள்' என்பதில் எதையும் ஆழமாகச் சொல்ல முடியாது. 'ஒரு கிராம அலுவலர் பிரிவில் ஊதியம் பெற்று முதியோரைப் பராமரிக்கும் பெண்கள்' என்றால் கேள்வியும் களமும் தெளிவாகிவிடும். துறையில் உள்ள பழைய ஆய்வேடுகளைப் புரட்டி, ஒரே தலைப்பு எத்தனை முறை திரும்பி வந்திருக்கிறது என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

தொடக்கத்திலிருந்தே யூனிகோட்டில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு தேடலுக்கும் பிடிபடாது, கணினி மாறினால் எழுத்தும் சிதறும். படிவத் தரவு சேர்க்கக் கோபோ டூல்பாக்ஸ் என்ற மென்பொருள் இலவசம். தமிழில் கேள்விகளைப் போட்டு, இணையம் இல்லாத இடத்திலும் கைபேசியில் நிரப்பலாம். நேர்காணல் ஒலிப்பதிவைப் பேச்சுவழக்கிலேயே எழுத்தாக்குங்கள். "அவர் பாக்கிறார் தானே" என்பதை "அவர் கவனிக்கின்றார்" என்று மாற்றினால், அந்தத் 'தானே'யில் இருந்த தயக்கம் காணாமல் போய்விடும்.

படி 8: பட்டத்துக்குப் பிறகு

சமூக சேவை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் போன்ற அரச பதவிகள், இலங்கை நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சை, ஆசிரியப் பணி, அரசசார்பற்ற நிறுவனங்களின் ஆய்வுப் பணி ஆகியவை வழக்கமான பாதைகள். அரச நியமனத்துக்குக் காத்திருக்கும் காலம் நீளலாம். அந்த இடைவெளியில் சிங்களம் படியுங்கள், களஆய்வு உதவியாளராகச் சேருங்கள்.

மேற்படிப்புக்குச் சமூகப்பணி என்றால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் இருக்கிறது. பால்நிலைக்கு இந்தியாவின் இந்திரா காந்தி தேசியத் திறந்த பல்கலைக்கழகத்தில் முதுகலை உண்டு. முதுமையியலுக்கு மால்டாவில் 1988இல் ஐக்கிய நாடுகளின் உடன்பாட்டோடு அமைந்த சர்வதேச முதுமை நிறுவனம் குறுகிய பயிற்சிகளும் நடத்துகிறது. வெளிநாட்டுப் புலமைப்பரிசில் எதற்கு விண்ணப்பித்தாலும் உங்கள் ஆய்வை ஆங்கிலத்தில் கேட்பார்கள். ஆய்வேட்டை ஒப்படைத்த கையோடு, களம் மனதில் பசுமையாக இருக்கும்போதே, அதன் ஆங்கிலச் சுருக்கத்தைப் பத்துப் பக்கத்தில் எழுதி மேற்பார்வையாளரிடம் ஒருமுறை திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள். தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றை ஜி.எஸ். அலுவலகத்துக்கும் உங்களோடு பேசியவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். வாசிக்க இயலாதவருக்கு நீங்களே இருந்து வாசித்துக் காட்டுங்கள்.